தராசில் வைத்த கை

முப்பத்திரண்டு வருடம் கொழுந்து லொறி ஓட்டியவன் நான். அக்கரப்பத்தனைப் பக்கத்து மலைகளில் பெண்கள் பறிக்கும் தேயிலைக் கொழுந்தை, மடுவம் என்கிற நிறுவைக் கொட்டகை ஒவ்வொன்றிலும் எடைபோட்டு ஏற்றிக்கொண்டு போய் ஃபெக்டரியில் இறக்குவது வேலை. அந்த வேலை எனக்கு இரண்டு குணங்களைக் கொடுத்தது. ஒன்று, எதற்கும் முதலில் கோபம் வரும், யோசனை அப்புறம்தான் வரும். மற்றது, அடுத்தவன் ஓட்டும் வண்டியில் எனக்கு இருப்புக்கொள்ளாது. பஸ்ஸில் ஏறினால்கூட டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, வளைவு வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவேன். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய், டிரைவரின் முகமே தெரியாத ஒரு வண்டியில் ஏற்றி வானத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது டிக்கோயாவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்து அந்த நாளை நினைத்தால், பாதி நடந்ததாகவும் பாதி தூக்கத்தில் கண்டதாகவும் தெரிகிறது. வெளியே மூடுபனி இறங்கி எதிர்மலையை மூடும் நேரத்தில்தான் அது அதிகமாக நினைவுக்கு வரும். பனிக்குள் ஒரு லொறியின் சத்தம் கேட்கும், லொறி தெரியாது. அன்று நானும் என் மனைவியும் மேகத்துக்குள் இருந்ததும் அப்படித்தான்.

போனது என் மனைவியின் தங்கையைப் பார்க்க. தங்கை சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஆப்பரேசனுக்குப் படுத்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் தொட்டு நாற்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று மாதத்தில் அவளுடைய அப்பா, அம்மா, ஒன்பது வயதுத் தங்கை மூவருக்கும், இரண்டு அரசாங்கமும் எங்கள் ஜனங்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தப்படி, இந்தியாவுக்குப் போகச் சொல்லிக் கடிதாசி வந்தது. எனக்கு இலங்கைக் குடியுரிமை என்று எழுதியிருந்ததால், என்னைக் கட்டியவளுக்கும் இலங்கை. எங்கள் தோட்டத்தில் பாதி லயத்து வீடுகள் அப்படித்தான் காலியாயின. ஹட்டன் ஸ்டேசனில் வழியனுப்பப் போனோம். அந்த ஸ்டேசனில் அன்று அழாதவர்கள் யாரும் இல்லை. ரயில் ஜன்னலுக்குள் கையை விட்டு இவள் தங்கையின் கையைப் பிடித்திருந்தாள். கோச்சி வண்டி நகர ஆரம்பித்தது. இவள் கையை எடுக்கவில்லை, கூடவே ஓடினாள். பிளாட்பாரம் முடியப்போகிறது, எனக்குப் பயம் வந்துவிட்டது. "கைய எடு புள்ள, கைய எடு!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடி, இடுப்பைப் பிடித்து இழுத்துவிட்டேன். அவள் கை நழுவியது. அதற்காக ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

பிறகு போகலாம் போகலாம் என்று வருடங்கள் ஓடின. இந்தியாவுக்குப் போகிற கப்பல் நின்றது, நாட்டில் சண்டை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். தங்கை கூடலூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள் என்று கடிதத்தில் தெரிந்தது. அப்புறம் போனில் முகம் பார்த்துப் பேசும் காலம் வந்தது. ஆனால் முகம் தெரிந்ததும் பேச்சு நின்றுவிடும். "சாப்பிட்டியா?" என்று இவள் கேட்பாள். "சாப்பிட்டேன், நீங்க?" என்று அவள் கேட்பாள். அப்புறம் இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். வைத்த பிறகு இவள் சொல்வாள்: "ரொம்ப மரியாதையா பேசுறா. அக்கான்னு கூப்புடுறாளே தவிர, நான் யாருன்னு அவளுக்குத் தெரியாதுங்க."

ஆப்பரேசன் ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போயிருந்தது. உடம்பில் தெம்பில்லை, எடை போதாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இந்த முறை நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு முந்தின நாள் மாலை ஏழு மணிக்கு உள்வார்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள், அதன்பிறகு யாரும் பார்க்க முடியாது என்று தங்கையின் மகன் போனில் சொன்னான். காலை ஏழரைக்கு விமானம், ஒன்றரை மணி நேரப் பயணம். பத்து மணிக்குத் தங்கையின் பக்கத்தில் இருக்கலாம் என்று நான் பெரிய ஆளாகக் கணக்குச் சொன்னேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் முதல் சண்டை தராசோடு. வீட்டில் பெரிய பையை மளிகைக்கடைத் தராசில் நிறுத்துத்தான் கட்டியிருந்தேன். இவர்கள் தராசில் வைத்தால் இரண்டு கிலோ அதிகம் காட்டுகிறது. "ஒங்க தராசுல கோளாறு தங்கச்சி," என்றேன். கவுண்டரில் இருந்த பெண் சிரித்தபடி, "கூடினதை எடுத்துருங்க, ஐயா," என்றாள். நான் விடவில்லை. தராசுகளோடு முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவன் என்று ஆரம்பித்து நிறையச் சொன்னேன். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள். கடைசியில் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்து, தங்கைக்காக வைத்திருந்த மூன்று கிலோ தேயிலைத்தூளை எடுத்துக் கைப்பைக்கு மாற்றினேன். கைப்பையில் இடம் வேண்டுமே, அதிலிருந்த எங்கள் இரண்டு பேருடைய சுவெட்டரையும் பெரிய பைக்குள் திணித்தேன். இதெல்லாம் நடக்கும்போது என் மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அது அப்போது வித்தியாசமாகப் படவில்லை.

அப்புறம் காத்திருப்பு. எட்டரை என்றார்கள், ஒன்பதரை என்றார்கள், சென்னையில் மழை என்றார்கள். இரும்பு நாற்காலி, நடுவில் படுக்கவிடாமல் ஒரு கைப்பிடி. பத்து மணிக்கு ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். தேயிலை ஏறிய கைப்பை கனத்தது. நான் தூக்க வருவதற்குள் அவள் அதன் நீண்ட வாரைத் தலையில் மாட்டிப் பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டாள். மலையில் கூடையை மாட்டுவது போலவே கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி, இரண்டு கையையும் வீசிக்கொண்டு, பளபளக்கும் தரையில் நடந்தாள். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏய், எறக்கு. மானம் போகுது," என்றேன்.

"ஏங்க? கை ரெண்டும் சும்மா இருக்கு. எவ்வளவு சுகம் தெரியுமா?" என்றாள்.

மானம் போனது போகட்டும் என்று நான் பத்தடி பின்னால் நடந்தேன்.

உள்ளே மூன்று ஆசனம். ஜன்னலோரம் கோட்டுப் போட்ட ஒரு கொழும்பு வியாபாரி, நடுவில் என் மனைவி, ஓரத்தில் நான். கோட்டுக்காரர் எங்களுக்கு முந்தியே வந்து தன் பக்கத்துக் கைப்பிடி இரண்டையும் பிடித்துவிட்டார். முழங்கால் முன்சீட்டில் இடித்தது. தலைக்கு மேலே ஒரு ஓட்டையிலிருந்து குளிர்காற்று நேராக என் உச்சந்தலையில் இறங்கியது. திருகினேன், நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து குளிரில் வளர்ந்தவர்கள் நாங்கள். நுவரெலியா உறைபனியில் விடியற்காலை லொறி ஸ்டார்ட் செய்திருக்கிறேன். ஆனால் அந்தக் குளிருக்குச் சுவெட்டர் உண்டு, நடந்தால் சூடு வரும். கட்டிப்போட்டு உட்காரவைத்து மேலிருந்து ஊதினால் என்ன செய்வது? சுவெட்டர் இரண்டும் அடியில் சாமான் அறையில் ஒன்றையொன்று கட்டிக்கொண்டு கதகதப்பாகக் கிடந்தன.

கிளம்பும்போது ஆசனத்தோடு சேர்த்து ஏதோ என்னைப் பின்னால் தள்ளியது. வலது காலால் பிரேக்கை அழுத்தினேன். அவள் என் முழங்காலில் கை வைத்தாள். தரை சாய்ந்தது, தென்னந்தோப்பு சாய்ந்தது, கடல் ஒரு பக்கமாக வழிந்தது. அப்புறம் வெள்ளை.

வெள்ளை வந்ததும் அவள் எட்டி ஜன்னலைப் பார்த்து, "மலைக்கு வந்துட்டோம்," என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா நிசமாகச் சொன்னாளா தெரியவில்லை. எங்கள் ஊரில் மழைக்காலத்துக் காலையில் கதவைத் திறந்தால் தெரிவதேதான் அங்கும் தெரிந்தது. ஒரு பொருளும் இல்லை, ஆனால் எல்லாம் அதற்குள் இருக்கிறது என்று தெரியும். எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்தது.

தமிழ் பேசும் பணிப்பெண் ஒருத்தி இருந்தாள். குளிருகிறது என்றதும் எங்கோ தேடி ஒரே ஒரு போர்வை கொண்டுவந்தாள். "ஒண்ணுதான் இருக்கு ஆன்ட்டி." என் மனைவி அதை வாங்கி, உட்கார்ந்த இடத்திலேயே இடுப்பைச் சுற்றி இழுத்துக் கட்டி, ஓரத்தைச் செருகிக்கொண்டாள். மலைக்குப் போகும் பெண்கள் ஈரம் படாமலிருக்க இடுப்பில் படங்கு கட்டுவார்கள், அதே கட்டு. மிஞ்சிய பாதியை என் முழங்காலில் போட்டாள். அவள் கால் சூடு என் காலுக்கு வந்தது. நான் என் பங்குக்கு, முன்னால் செருகியிருந்த பத்திரிகையை இரண்டாக மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். லொறிக்காரர்களின் பழைய வித்தை அது, காற்று ஏறாது. மேலே இருந்த ஓட்டையில் அவள் காகிதத்தைச் சுருட்டி அடைத்தாள். இவ்வளவும் முடிந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். சின்ன வீடு ஒன்று கட்டி முடித்த மாதிரி இருந்தது.

சென்னைக்கு மேலே வந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கியது. கீழே கனமழை, இறங்க அனுமதி இல்லை, சற்று நேரம் சுற்றுவோம் என்று சொன்னார்கள். விமானம் ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து மேகத்துக்குள் வளைந்தது. திடீரென்று ஒரு பள்ளத்தில் விழும், வயிறு மேலேயே நின்றுவிடும். பின்னால் யாரோ வாந்தி எடுத்தார்கள். அந்த வாசம் முன்னால் வந்தது. அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு கிராம்பு எடுத்தாள், ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு. கடித்ததும் வாய் முழுக்கக் காரமும் வாசமுமாகி, உலகம் என் பல்லுக்குள் வந்து சுருங்கியது. கண்ணை மூடினேன்.

தூங்கினேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. நான் லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். பாதை முழுக்க மேகம். வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு மடுவம், அதன் முன்னால் படங்கு கட்டிய பெண்கள் கூடையோடு வரிசையாக நின்றார்கள்.  ஈரக் கொழுந்தின் பச்சை வாசம் வந்தது. நிறுத்தினேன், ஏற்றினேன், போனேன். எத்தனை ஏற்றியும் லொறி கனக்கவில்லை. கடைசி வளைவில் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி கையை நீட்டியபடி நின்றாள். நிறுத்தப் பிரேக்கை மிதித்தேன். பிரேக் என் காலடியில் இல்லை, வேறு யாரிடமோ இருந்தது. அவளைத் தாண்டி லொறி தானாகப் போனது.

விழித்தபோது என் மனைவியின் கை என் முழங்காலில் அப்படியே இருந்தது. "ரொம்ப மிதிச்சிட்டீங்க," என்றாள்.

சென்னையில் இறங்க முடியாமல் விமானம் பெங்களூருக்குத் திரும்பியது. இறங்கி ஒரு மூலையில் நின்றது, கதவைத் திறக்கவில்லை. மழை விட்டதும் திரும்பிப் போவோம், எல்லோரும் இருக்கையிலேயே இருங்கள் என்றார்கள். மணி ஒன்றேகால். இரண்டாயிற்று, இரண்டரையாயிற்று. சாப்பாடு தீர்ந்துவிட்டதாம். நான் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் கத்தினேன். பாவம், அவள் மழையைப் பெய்யச் சொன்னவளா? ஆனாலும் கத்தினேன். நான் அன்று வானத்தையும் திட்டினேன், தராசையும் திட்டினேன். "காலையில அந்தத் தராசு ஆரம்பிச்சு வச்ச சனியன்," என்றேன்.

என் போன் இந்தியாவில் வேலை செய்யவில்லை. கோட்டுக்காரர் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவர், என் புலம்பலைக் கேட்டுத் தன் போனை நீட்டினார். தங்கையின் மகனைக் கூப்பிட்டேன்.

"பெரியப்பா, எங்க இருக்கீங்க? அம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருக்காங்க. ஏழு மணின்னா ஏழு மணிதான் பெரியப்பா. அதுக்கப்புறம் என்னையே உள்ள விட மாட்டாங்க."

வருவோம் என்று சொல்லி வைத்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் கொழுந்து பறித்த விரல்கள், பக்கவாட்டில் கறை போகாமல் கறுத்தவை. பிறகு என்னிடம், "கைக்குட்டை வெள்ளையாத்தானே வச்சிருக்கீங்க?" என்றாள்.

"எதுக்கு?"

"சாயத்தண்ணி குடிப்போம்," என்றாள். எங்கள் ஊரில் பாலில்லாத தேநீருக்கு அந்தப் பேர்.

பணிப்பெண்ணிடம் சுடுதண்ணீர் கேட்டாள். நான் கத்தியிருந்த கத்தலுக்கு அவள் தரமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு பெரிய குவளை நிறையக் கொண்டுவந்தாள், காகிதக் கோப்பைகளும் சீனிப் பொட்டலங்களும் கொண்டுவந்தாள். என் மனைவி காலடியிலிருந்த கைப்பையைத் திறந்து, தங்கைக்கென்று கட்டியிருந்த தூளில் ஒரு பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்து தண்ணீரில் இறக்கினாள். மூடி போட ஒன்றுமில்லாததால் உள்ளங்கையால் மூடினாள். அந்த அடைசல் காற்றுக்குள், வாந்தியும் வேர்வையும் பழைய துணியும் கலந்த அந்தக் காற்றுக்குள், எங்கள் ஃபெக்டரியின் வாசம் எழுந்தது. கொழுந்து வறுபடும் மாலைகளில் டிக்கோயா ரோட்டில் நடக்கும்போது வரும் அதே வாசம். இரண்டு வரிசை தள்ளி இருந்த ஒருவர் எழுந்து எங்கிருந்து வருகிறது என்று தேடினார்.

எங்கள் பழக்கம் சீனியைத் தேநீரில் போடுவதில்லை. இடது உள்ளங்கையில் கொஞ்சம் சீனியைக் கொட்டி, நாக்கால் தொட்டுக்கொண்டு, ஒரு மடக்குச் சாயத்தண்ணி. கோட்டுக்காரர் எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார். பிறகு கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, விரித்து நீட்டினார். அவள் அவர் கையில் சீனியைக் கொட்டினாள். அவ்வளவு பெரிய மனுசர் உள்ளங்கையை நக்கிக்கொண்டு, "சின்ன வயசுல அம்மா இப்படித்தான் குடுப்பாங்க. மறந்தே போச்சு," என்றார். அப்புறம் அந்தக் கைப்பிடியை அவர் திரும்பக் கேட்கவே இல்லை.

மழைநீர் ஜன்னலில் வழிந்தது. வெளியே தூரத்து விமானங்கள் நனைந்துகொண்டு நின்றன. கையில் சூடு, நாக்கில் இனிப்பு, கால்களுக்கு ஒரு படங்கு. நாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதே எனக்கு மறந்துவிட்டது. அந்த மயக்கத்தில் அவள் மெதுவாகச் சொன்னாள்:

"அந்தத் தராசைத் திட்டாதீங்க."

"ஏன்?"

"அது சரியாத்தான் காட்டுச்சு. நான்தான் அமுக்கிட்டேன்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. மடுவத்தில் கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை ஈரத்துக்கு, சாக்குக்கு என்று ஒரு கிலோ இரண்டு கிலோ கழித்துத்தான் எழுதுவார். அதற்குப் பெண்கள் கண்டுபிடித்த பதில் ஒன்று உண்டு. ஆடாமல் பிடிப்பது போல மூட்டையில் கை வைத்து, முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, லேசாக ஒரு அழுத்து. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டால் "கைய எடு!" என்று ஒரு சத்தம் வரும். பார்க்காவிட்டால் ஒரு கிலோ லாபம். முப்பது வருடம் எடை கூட வேண்டும் என்றே தராசு முன்னால் நின்றவளுக்கு, எடை கூடக்கூடாத தராசு ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"கை தன்னால போயிருச்சுங்க," என்றாள். "நீங்க சண்டை போடுறப்ப சொல்லலாம்னு நெனச்சேன். அப்புறம் அந்தப் புள்ள முன்னால நீங்க என்னையும் சேத்துத் திட்டுவீங்கன்னு..."

கூரையைப் பார்த்து நின்றதன் அர்த்தம் அப்போதுதான் தெரிந்தது. கோபம் வந்தது, உண்மையாகவே வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்னால் நான் மடுவத்தில் லொறியோடு நின்றபோது முதன்முதலாக அவளைக் கவனித்ததே அந்தக் கையால்தான். அவ்வளவு அப்பாவியான முகம், அவ்வளவு திருட்டுக் கை. நான் கணக்கப்பிள்ளையிடம் சொல்லவில்லை. அதற்கு நன்றியாகத்தான் என்னைக் கட்டினாளோ என்னவோ. இருவரும் சத்தமில்லாமல் சிரித்ததில் ஆசனம் குலுங்கியது. சுவெட்டர் கீழே போனதும் அந்தக் கையால்தான், தேயிலை மேலே வந்ததும் அந்தக் கையால்தான்.

சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள்: "ஏழு மணிக்குள்ள போயிருவோமாங்க?"

 அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்டேசனில் நான் இழுத்துப் பிரித்த கை அதுதான் என்ற நினைப்பு அப்போது வந்தது. "அன்னைக்கு நான் இழுக்காம இருந்திருந்தா..." என்று தொடங்கினேன். "விழுந்திருப்பேன்," என்றாள். 

மூன்றேமுக்காலுக்குக் கிளம்பியது. மேலே போனதும் மேகங்களின் முதுகில் மாலை வெயில். மட்டம் வெட்டிய தேயிலை மலை மாதிரி ஒரே சீராக, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடந்தன. அதன்மேல் யாரோ நடந்துபோகலாம், கூடை மாட்டிக்கொண்டு நடக்கலாம். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அவள் விரல்கள் போர்வையின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி எடுத்தன. நான் பிரேக்கை மிதிக்கவில்லை. ஓட்டுகிறவன் ஓட்டட்டும், சீக்கிரம் ஓட்டட்டும் என்று முதல்முறையாக இன்னொரு டிரைவரை நம்பினேன்.

சென்னையில் பெரிய பை வரும்வரை நிற்கவில்லை. கோட்டுக்காரர், தான் எடுத்து வைப்பதாகச் சொல்லி எங்களைத் துரத்திவிட்டார். டாக்சி தண்ணீருக்குள் நீந்தியது. ஆஸ்பத்திரி வாசலில் தங்கையின் மகன் நின்றான். அவன் முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓட, மாடிப்படி ஏறும்போது ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. என் மனைவியின் தலையில் கைப்பையின் வார் மாட்டியபடியே இருந்தது.

தங்கையைக் கட்டிலில் இருந்து இறக்கி, எடை பார்க்கும் மேடைக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். போனில் பார்த்ததைவிட மெலிந்த ஒரு பெண். அக்கா வாசலில் நின்றாள். இருவரும் பார்த்தார்கள். ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. "வாங்கக்கா," என்றாள் தங்கை. "ம்," என்றாள் இவள். போனில் நடப்பதுதான் நேரிலும் நடந்தது. இத்தனை தூரம் இதற்கா வந்தோம் என்று நினைத்தேன்.

நர்ஸம்மாவுக்கு அவசரம். "ஏறுங்கம்மா, வெயிட் பாத்துட்டு உள்ள போயிரலாம்." தங்கை ஏறினாள். இவள் அருகே போய்ப் பின்னால் நின்றாள். முன்னால் எண்கள் ஓடின. தங்கை திரும்பவில்லை. முகத்தை அப்பாவியாக ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, உதடு அசையாமல், எனக்கே கேட்டும் கேட்காத குரலில் சொன்னாள்:

"அக்கா... லேசா அமுக்கு. நாப்பது வரலன்னா மறுபடி தள்ளிப்போட்டுருவாங்க."

பேச்சிலிருந்த 'ங்க' போய்விட்டது. நாற்பது வருடமாக ஒட்டியிருந்த மரியாதை அந்த ஒரு சொல்லில் உதிர்ந்துவிட்டது. யாரிடமிருந்து கற்றாள்? அங்கும் மடுவம் உண்டு, அங்கும் கழித்து எழுதுகிற ஒருவர் உண்டு. அக்காவின் கை ஏற்கெனவே தங்கையின் தோளில் இருந்தது. எண் நாற்பத்திரண்டுக்குத் தாவியது.

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தார். "கைய எடுங்கம்மா."

அவள் எடுக்கவில்லை.

"சரி, நான் ரெண்டு கிலோ கழிச்சு எழுதிக்கிறேன்," என்றார் அவர் சிரித்துக்கொண்டு.

"ரெண்டு கிலோவா!" என்றார்கள் அக்காவும் தங்கையும், ஒரே நேரத்தில், ஒரே கோபத்தில். சொன்ன பிறகுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அதற்கப்புறம் அழுதார்களா சிரித்தார்களா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

டாக்டருக்கு அந்த எடை போதுமாக இருந்தது. மறுநாள் ஆப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. இப்போதெல்லாம் போன் வந்தால் இரண்டு பேரும் போடுகிற சத்தத்தில் எனக்குச் செய்தி கேட்க முடிவதில்லை.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த மாலைதான். ஏழு மணிக்குத் தங்கையைத் தள்ளுநாற்காலியில் வைத்து லிஃப்ட் வரை தள்ளிக்கொண்டு போனார்கள். என் மனைவி பக்கத்திலேயே நடந்தாள், கை தங்கையின் தோளிலேயே இருந்தது. லிஃப்ட் கதவு திறந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர் அவள் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், நீங்கள் சொல்லுங்கள் என்பது போல. அன்று ஸ்டேசனில் கத்திய அதே சொல் என் வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். அவளாக எடுக்கும்வரை நாங்கள் எல்லோரும் அங்கேயே நின்றோம்.